வாடிவாசலும் ஆண்மை என்னும் கடனும்

கொடைக்கானல் மலைக்குச் செல்லும் வழியில் சற்றே இளைப்பாறும் ஊராகத்தான் வத்தலக்குண்டைப் பலரும் அறிவர். பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்த இவ்வூர் தமிழ் உரைநடைக்கு வழங்கிய கொடையோ பெரிது. தமிழ் நாவலின் தொடக்க நாட்களில் 'கமலாம்பாள் சரித்திரம்' படைத்த பி.ஆர். ராஜமையர் இவ்வூரினர். மணிக்கொடிக் காலத்துச் சிறுகதையாசிரியர் பி.எஸ். ராமையாவும் இவ்வூரினரே. அவர்கள் வழியில் இம்மண்ணில் வளர்ந்தவர், 1959-இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா. அவருடைய 'வாடிவாசல்' என்னும் குறுநாவலையே இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

இந்நூலை வீரத்தின் புகழ்மாலையாகப் படிப்பதே வழக்கமாக இருந்து வருகிறது. 2014-இல் உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டுக்குத் தடை விதித்ததும், 2017-ஆம் ஆண்டு சனவரியில் சென்னை மெரினாக் கடற்கரையில் இளைஞர்கள் திரண்டதும், அதையொட்டித் தமிழக அரசு கொண்டுவந்த சட்டத் திருத்தத்தை 2023-இல் அதே நீதிமன்றம் ஏற்றதும் நாம் அறிந்தவை. அந்நாட்களில் 'வாடிவாசல்' பலர் வாயிலும் பேசப்பட்டது. விளையாட்டு வேண்டுமா, வேண்டாமா என்பது இங்கு நம் ஆராய்ச்சி அன்று. ஆண்மை என்பது யாது, அதனால் ஆதாயம் அடைபவர் யார் என்னும் வினாக்களை இந்நூல் எழுப்புகிறது. அவற்றைக் காணாமல் கைதட்டி மூடிவிடுகிறோமோ என்பதே நம் கவலை.

கதை ஒரே நாளில், ஒரே களத்தில் நிகழ்ந்து முடிகிறது. பிச்சி தன் மைத்துனன் மருதனுடன் சல்லிக்கட்டுக்கு வருகிறான். அவன் தந்தை அம்புலி பேர்பெற்ற மாடுபிடி வீரர். வாடிபுரம் காளையான காரியின் கொம்பு பட்டு மாண்டவர். தந்தையைச் சாய்த்த காளையை மகன் அடக்கியாக வேண்டும். பரிசுக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ வந்தவன் அல்லன் பிச்சி. தந்தை விட்டுச்சென்ற கடனைத் தீர்க்க வந்தவன்.

இவ்விடத்தில் நம் நினைவு ஆப்பிரிக்காவுக்குச் செல்கிறது. நைஜீரிய எழுத்தாளர் சினுவா ஆச்செபி 1958-இல் வெளியிட்ட முதல் நாவல் தமிழில் 'சிதைவுகள்' என்னும் பெயரில் கிடைக்கிறது. வெள்ளையர் வருகைக்கு முன்னும் பின்னுமான இக்போ மக்களின் வாழ்வைக் கூறும் அந்நாவலின் தலைவன் ஒகொங்க்வோ. பதினெட்டு வயதில், ஏழாண்டுகள் தோல்வியே காணாத மல்லன் ஒருவனை மண்ணில் சாய்த்துப் புகழ்பெற்றவன். அவன் தந்தை உனோகா குழலிசையில் மகிழ்ந்தவர். கடன்பட்டவர். பட்டம் ஏதும் பெறாமல் மறைந்தவர். பட்டம் பெறாத ஆணைக் குறிக்க அம்மக்கள் பெண்ணைக் குறிக்கும் சொல்லையே வழங்கினர். சிறுவயதில் தோழன் ஒருவன் தந்தையைப் பற்றி அச்சொல்லைக் கூறக் கேட்ட புண், ஒகொங்க்வோவுக்கு ஆயுள் முழுதும் ஆறவில்லை.

ஒருவன் வீரத் தந்தையின் மகன். மற்றவன் மென்மையான தந்தையின் மகன். பிச்சி தந்தையைப் போலாக விழைகிறான். ஒகொங்க்வோ தந்தையைப் போலாகிவிடக் கூடாதென அஞ்சுகிறான். எதிரெதிர்த் திசையில் ஓடும் இவ்விருவரும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றனர். ஆண்மை என்பது தானே ஈட்டிய செல்வமாக இருவருக்கும் அமையவில்லை. தந்தையின் பெயரால் தலைமேல் விழுந்த கடனாகவே அமைகிறது. அக்கடன் தீர்ந்ததா என்று தீர்ப்பளிக்கும் உரிமையும் அவர்களிடம் இல்லை. கூடிநிற்கும் கூட்டத்திடமே இருக்கிறது.

கூட்டத்தின் கண்ணுக்கு அஞ்சி ஒகொங்க்வோ செய்யும் கொடுமையைப் படிப்போர் எளிதில் மறக்க இயலாது. மூன்றாண்டுகள் தன் வீட்டில் வளர்ந்து, தன்னைத் தந்தையென அழைத்த சிறுவன் இகெமெஃபுனாவைத் தன் கையாலேயே வெட்டுகிறான். அதில் கலந்துகொள்ள வேண்டாமென ஊர்ப் பெரியவர் ஒருவர் முன்னரே எச்சரித்திருந்தார். வலிமையற்றவன் எனப் பிறர் எண்ணிவிடுவரோ என்ற அச்சமே அந்தக் கையை உயர்த்தியது. வீரம் என்று நாம் வியக்கும் செயலுக்குள் அச்சம் ஒளிந்திருப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய நாவல்கள் சிலவே.

செல்லப்பா வேறொரு வழியில் அதே இடத்துக்கு வருகிறார். பிச்சி காரியை அடக்கிவிடுகிறான்; தானும் காயமுறுகிறான். கதை அத்துடன் முடிந்திருந்தால் அது வீரக்கதை. ஆனால் காளையின் உடைமையாளர் ஜமீன்தார். காளை தோற்றது தம் கௌரவம் தோற்றதாக அவருக்குப் படுகிறது. துப்பாக்கி எடுத்துக் காளையைச் சுட்டு வீழ்த்துகிறார். களத்தில் குருதி சிந்தியவன் பிச்சி. உயிரை இழந்தது காரி. இறுதிச் சொல்லைச் சொன்னது ஜமீன்தாரின் துப்பாக்கி. வெறுங்கையோடு கொம்பின் முன் நிற்பவனின் ஆண்மையும், பாதுகாப்பான இடத்தில் அமர்ந்து பார்ப்பவரின் ஆண்மையும் ஒன்றல்ல என்பதை ஆசிரியர் ஓங்கிப் பேசாமலேயே உணர்த்திவிடுகிறார். ஏழையின் ரோசத்தில் செல்வரின் கௌரவம் விளையாடுகிறது. இந்நூலை வீரப் புகழ்ச்சியாக மட்டும் படிப்போர் இக்கடைசிப் பக்கங்களுக்கு என்ன விடை கூறுவர்?

வீரத்தை இவ்விரு ஆசிரியர்களும் இகழ்ந்தனர் எனக் கொள்வது தவறு. கொம்பின் வீச்சைக் கணித்துத் திமிலைத் தழுவும் நேர்த்தியைச் செல்லப்பா நுட்பமாக வரைகிறார். பிறரிடம் விதைக்கிழங்கு பெற்றுப் பயிரிட்டு, கடும் வறட்சி ஆண்டையும் தாங்கி நின்ற ஒகொங்க்வோவின் உழைப்பை ஆச்செபி மதிப்புடனேயே கூறுகிறார். வீரம் ஒரு திறன். அதையே ஆணின் முழு அளவுகோலாக்கும்போதுதான் அழிவு தொடங்குகிறது.

பெண்கள் எங்கே என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. இக்போ சமூகத்தில் சேனைக்கிழங்கு போன்றதோர் உயர்ந்த கிழங்கு ஆணின் பயிர். மரவள்ளியும் அவரையும் பெண்ணின் பயிர்கள். பயிரையும் பால் பார்த்துப் பிரித்த அச்சமூகத்தில் மண்ணின் தெய்வம் பெண்ணே. அமைதி வாரத்தில் மனைவியை அடித்த ஒகொங்க்வோ அத்தெய்வத்தின் பூசாரிக்குத் தண்டம் கட்ட நேர்கிறது. துப்பாக்கி வெடித்துத் தற்செயலாக ஓர் இளைஞன் மாண்டபோது, அவன் ஏழாண்டுகள் அடைக்கலம் தேடிச் சென்றது தாயின் ஊருக்கே. துன்பம் வரும்போது தாய்மண்ணே புகலிடம் என்று அங்கே தாய்மாமன் உச்செண்டு அறிவுறுத்துகிறார். அவன் செவியில் அது ஏறவில்லை. தன்னை நன்குணர்ந்த மகள் எஸின்மா ஆணாகப் பிறக்கவில்லையே என ஏங்குகிறானேயன்றி, அவளிடம் கண்ட தெளிவே உயர்ந்ததென உணரவில்லை. ஆச்செபியிடமும் குறை உண்டு. ஒகொங்க்வோவின் மூத்த மனைவி பெரும்பாலும் மகனின் தாய் என்றே சுட்டப்படுகிறாள்.

'வாடிவாசல்' இவ்வகையில் மேலும் வறியது. பெயரும் குரலும் கொண்டு நம் மனத்தில் தங்கும் பெண் ஒருத்தியும் அதில் இல்லை. அம்புலி மாண்ட நாளில் அவர் மனைவி என்ன நினைத்தாள்? மகன் அதே காளையின் முன் நிற்கப் போகிறான் என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? நூல் மௌனம் சாதிக்கிறது. கணவனை இழந்த பெண்ணின் வாழ்வைப் பின்னர் 'ஜீவனாம்சம்' நாவலில் இதே எழுத்தாளர் பொருளாக்கினார் என்பதை எண்ணும்போது, வாடிவாசலுக்கு வெளியே நின்றிருந்தவர்களை அவர் அறியாதவர் அல்லர் என்று தோன்றுகிறது. இரு நூல்களையும் அடுத்தடுத்துப் படித்தல் நலம்.

மல்லரை வீழ்த்துபவனைக் காட்டிலும் சினம் எழும்போது தன்னை அடக்கிக்கொள்பவனே வலிமையுடையவன் என்னும் கருத்துள்ள நபிமொழியை நம் பிள்ளைகள் மதரசாவிலேயே கேட்டு வளர்கின்றனர். ஆயினும் வீட்டில் அவர்கள் கேட்பது வேறு. விழுந்தழும் சிறுவனிடம், "பொம்பளைப் பிள்ளையைப் போல அழாதே" என்கிறோம். "அத்தாவின் பெயரைக் காப்பாற்ற வேண்டும்" என்று சொல்லும்போது, அத்தாவின் கருணையை அன்றி அவருடைய கோபத்தையே பெரும்பாலும் நினைவூட்டுகிறோம். ஒகொங்க்வோவும் தன் மகனை இப்படித்தான் இறுக்கி வளர்த்தான். இகெமெஃபுனாவின் சாவுக்குப் பின் அம்மகனின் உள்ளத்தில் ஏதோ ஒன்று அறுந்தது. இறுதியில் அவன் தந்தையை விட்டே அகன்றான். ஒகொங்க்வோ தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொண்டபோது, வழக்கப்படி அவன் உடலைத் தொட்டு அடக்கம் செய்யவும் அவன் குலத்தாரால் இயலவில்லை. யாருடைய மதிப்புக்காக வாழ்நாளெல்லாம் அஞ்சினானோ, அவர்களே விலகி நின்றனர்.

பிச்சி உயிருடன் வீடு திரும்புகிறான். அவனுக்கும் ஒரு மகன் பிறக்கலாம். அம்மகனுக்கு அவன் எதை விட்டுச்செல்வான்? தொடையின் தழும்பையா, அல்லது தழும்பின் பொருளை எண்ணிப் பார்க்கும் அறிவையா? நூலில் இதற்கு விடை இல்லை. நம் இல்லங்களில் ஆண்மக்களை வளர்க்கும் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் எழுத வேண்டிய விடை அது.