தலைவனும் துணைவரும்: டேமன் அல்பார்னின் கூட்டுப் படைப்புகள் பற்றிய ஒரு மதிப்பீடு

மேனாட்டு றொக் இசை பற்றி எழுதுவோர், ஒரு குழுவின் முதன்மைப் பாடகர் அக்குழுவுக்கு வெளியே ஆக்குவனவற்றைப் பக்க முயற்சிகள் என்று வகுத்து ஒதுக்குவது வழக்கம். குழுவே மெய்; ஏனையவை ஓய்வுநேர விளையாட்டு என்னும் கருத்து இவ்வகைப்பாட்டினுள் மறைந்து நிற்கிறது. இக்கருத்து இசைத்தட்டு விற்பனையின் தேவையிலிருந்து பிறந்ததேயன்றி, கலை பற்றிய ஆய்விலிருந்து பிறந்ததன்று. சந்தையில் ஒரு பெயரை நிலைநிறுத்தப் பெரும் பொருள் செலவாகின்றது. அப்பெயருக்கு வெளியே கலைஞன் செய்வது வணிகனுக்கு இடையூறாகவே தோன்றும். வணிகனின் அளவுகோலைத் திறனாய்வாளனும் கைக்கொள்ள வேண்டியதில்லை. பிளர் என்னும் ஆங்கிலக் குழுவின் முதன்மைப் பாடகரான டேமன் அல்பார்னின் கூட்டுப் படைப்புகளை ஈண்டு நாம் எடுத்துக்கொள்வதற்கு இதுவே காரணமாகும்.

1990களின் நடுப்பகுதியில் பிளர் குழு பெற்ற புகழ், ஆங்கிலத் தன்மை என்னும் கருத்தோடு பிரிக்கவொண்ணாதவாறு பிணைந்திருந்தது. 1994ஆம் ஆண்டின் ‘பார்க்லைஃப்’ தொகுப்பு நகர்ப்புறத்து ஆங்கிலேயரின் அன்றாட வாழ்வை எள்ளலும் பரிவும் கலந்து சித்திரித்தது. அமெரிக்க இசையின் மேலாதிக்கத்துக்கு எதிரான ஒரு குரலாக அது தொடங்கியது. விரைவில் தேசியப் பெருமிதத்தின் விளம்பரமாகவும் பயன்பட்டது. அக்காலத்து அல்பார்ன் தமது நாட்டின் எல்லைக்குள் நின்று பாடியவர். அதே மனிதர் 2000ஆம் ஆண்டில் ஒக்ஸ்பாம் நிறுவனத்தின் அழைப்பின்பேரில் மாலி நாட்டுக்குச் சென்றதும், அங்கு பெற்ற ஒலிப்பதிவுகளிலிருந்து 2002இல் ‘மாலி மியூசிக்’ என்னும் தொகுப்பு வெளிவந்ததும் அவரது வளர்ச்சியில் ஒரு திருப்பம் எனலாம்.

இதற்கு முன்னரே, ஓவியர் ஜேமி ஹியூலெட்டுடன் இணைந்து 1998இல் அவர் தோற்றுவித்த கொறிலாஸ் என்னும் முயற்சி இத்திருப்பத்துக்கு வழிவகுத்தது. நான்கு கேலிச்சித்திரப் பாத்திரங்களே அக்குழுவின் உறுப்பினர். தொடக்க கால மேடைகளில் வாசித்தவர்கள் திரைக்குப் பின்னால் நின்றனர். நட்சத்திர வழிபாட்டை இது கேலி செய்தது என்பது பலரும் அறிந்ததே. ஆயின், தலைவனின் முகம் நீங்கியதும் பிறருக்கு இடம் உண்டாயிற்று என்பதே நமக்கு முக்கியமாகும். 2001இல் வெளிவந்த முதல் தொகுப்பில் கியூபாவின் முதுபெரும் பாடகர் இப்ராகிம் ஃபெரர் பாடினார். 2010இல் வெளிவந்த ‘பிளாஸ்ரிக் பீச்’ தொகுப்பில் பொபி வோமக்கின் குரலும், சிரிய நாட்டு அரபு இசைக் குழுவொன்றின் வாத்தியங்களும் இடம்பெற்றன. எனினும் இவ்வமைப்பில் ஒரு முரண்பாடும் உண்டு. தலைவனின் முகம் மறைந்ததேயன்றி அவனது தீர்மானிக்கும் உரிமை மறையவில்லை. எவர் வருவார், எவ்வளவு நேரம் பாடுவார் என்பவற்றை அவரே நிர்ணயித்தார்.

இம்முரண்பாடு ‘மாலி மியூசிக்’ தொகுப்பில் மேலும் கூர்மையடைகிறது. அதில் வாசித்தவர்களுள் துமானி டியாபாத்தே, அஃபெல் பொக்கூம் ஆகிய இருவரும் தத்தம் துறையில் முதன்மையானோர். 2024இல் மறைந்த டியாபாத்தே, தலைமுறை தலைமுறையாக இசையைப் பேணிவந்த பாணர் குடியிற் பிறந்தவர். இருபத்தொரு நரம்புகள் கொண்ட கோரா என்னும் யாழை உலக அரங்குக்கு இட்டுச்சென்றவர். இவர்களிடையே அல்பார்ன் மெலோடிக்கா என்னும் எளிய ஊதுகருவியுடன் அமர்ந்தார். கற்கும் மாணவனின் பணிவு அவ்வொலிப்பதிவுகளிற் கேட்கிறது. ஆயின் அவை இலண்டனுக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கேயே வெட்டி ஒட்டிக் கோக்கப்பட்டன. மூலப்பொருள் ஆபிரிக்காவிலும் இறுதி உருவம் பெருநகரிலும் ஆக்கப்படும் இம்முறை நமக்குப் புதியதன்று. குடியேற்ற நாட்டுப் பொருளாதாரத்தின் அமைப்பே அது. அல்பார்னின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. எண்ணம் வேறு, உற்பத்தி உறவு வேறு என்பதையே சுட்டுகிறோம்.

அவரைக் குறைகூறுவோர் இவ்விடத்திலேயே நின்றுவிடுகின்றனர். போற்றுவோரோ இவ்விடத்தைக் காண்பதேயில்லை. இரு சாராரும் அவரது பிற்காலப் போக்கைக் கணக்கிற் கொள்ளவில்லை என்பதே நமது கருத்து.

2005 ஜூலையில் ஆபிரிக்காவின் வறுமை ஒழிப்பின் பெயரால் ‘லைவ் 8’ நிகழ்ச்சிகள் நடைபெற்றபோது, இலண்டன் மேடையில் ஆபிரிக்கக் கலைஞர்கள் ஏறத்தாழ இல்லாதிருந்தனர். அவர்களுக்கெனத் தொலைவிலுள்ள கோர்ண்வோலில் தனி மேடை அமைக்கப்பட்டது. அல்பார்ன் இதனை வெளிப்படையாகக் கண்டித்தார். மறு ஆண்டில் பத்திரிகையாளர் இயன் பிரெல் முதலியோருடன் இணைந்து அவர் தொடங்கிய ‘ஆபிரிக்கா எக்ஸ்பிரஸ்’ அக்கண்டனத்தின் செயல்வடிவமாகும். ஆபிரிக்காவை இரங்கத்தக்க பொருளாகக் காட்டாது, ஆற்றலுள்ள கலைஞரின் நிலமாகக் காட்டுவது அதன் நோக்கம்.

2007இல் வெளிவந்த ‘த குட், த பாட் அன்ட் த குயின்’ தொகுப்பு வேறொரு வகையில் கருதத்தக்கது. நைஜீரியாவில் ஃபெலா குட்டியுடன் இணைந்து அஃப்ரோபீட் இசையின் தாளத்தை வகுத்த ரொனி அலன், கிளாஷ் குழுவின் போல் சிமொனன், சைமன் ரொங் ஆகியோர் அதிற் பங்குகொண்டனர். அக்கூட்டுக்குப் பெயரே இல்லை, தொகுப்புக்கு மட்டுமே பெயருண்டு என அல்பார்ன் கூறியமை கவனிக்கத்தக்கது. பாடுபொருள் இலண்டன், ஈராக் போரின் நிழல் படிந்த இலண்டன். 2003இல் அப்போரை எதிர்த்துப் பொதுவெளியிற் குரல் கொடுத்த இசைக்கலைஞருள் அல்பார்னும் ஒருவர். ‘பார்க்லைஃப்’ காட்டிய அதே நகரம் இங்கு ஓர் ஆபிரிக்கரின் தாளத்திற் கேட்கப்படுகிறது. ஆயினும் அலனின் கை பல பாடல்களில் அடக்கியே வைக்கப்பட்டுள்ளது; உலகம் போற்றிய தாளக்காரரை அழைத்து ஓரத்தில் அமர்த்தியது போன்ற உணர்வு எமக்கு எழுகின்றது.

2012இல் வட மாலியைக் கைப்பற்றிய ஆயுதக் குழுக்கள் இசையைத் தடைசெய்தன. கலைஞர் பலர் தெற்கே பமாக்கோவுக்கு ஓடினர். இந்நிலையில் 2013இல் ஆபிரிக்கா எக்ஸ்பிரஸ் குழுவினர் பமாக்கோவிலே தங்கி ‘மேசோன் தே ஜேன்’ தொகுப்பைப் பதிவுசெய்தனர். வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோர் அமைத்த சொங்கோய் புளூஸ் என்னும் குழு இதன்வழி வெளியுலகுக்கு அறிமுகமாயிற்று. 2015இல் தன் சொந்தப் பெயரிலேயே ‘மியூசிக் இன் எக்சைல்’ என்னும் தொகுப்பை வெளியிட்டது. அமெரிக்கரான ரெறி றைலி 1964இல் ஆக்கிய ‘இன் சி’ என்னும் படைப்பும் மாலி வாத்தியங்களிற் பதிவாகி 2014இல் வெளிவந்தது. அப்படைப்பு ஐம்பத்து மூன்று சிறு இசைத் துணுக்குகளால் ஆனது. ஒவ்வொன்றையும் எத்தனை முறை வாசிப்பதென்பதை வாசிப்பவரே தீர்மானிப்பர். அல்பார்ன் அங்கு பலருள் ஒருவர் மட்டுமே. கூட்டுறவு என்பது இங்கு நல்லெண்ணமாக மட்டும் நில்லாது கலைவடிவமாகவே மாறிவிடுகிறது.

2016இல் நிகழ்ந்தது இதற்கும் அப்பாற்பட்டது. கொறிலாஸ் தொகுப்பில் வாசித்த சிரிய இசைக்கலைஞருட் பலர் போரினால் சிதறுண்டிருந்தனர். சிரியாவில் எஞ்சியோரையும் புலம்பெயர்ந்தோரையும் ஒன்றுசேர்த்து ஒரு குழுவாக மேடையேற்றும் பணியில் ஆபிரிக்கா எக்ஸ்பிரஸ் ஈடுபட்டது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் பிரித்தானிய வாக்கெடுப்பின் முடிவு வெளியான அதே நாளில், கிளாஸ்டன்பெரி விழாவின் முதன்மை மேடையை அவர்கள் தொடக்கிவைத்தனர். முன்னர் ஒருவரது பாடலுக்கு அணிசெய்தோர் இப்போது மேடைக்கு உரியோராயினர். தலைவர் அவர்தம் துணைவரானார்.

இவ்வளர்ச்சியை நேர்க்கோடாகக் கொள்வதும் தவறு. 2011இல் கின்சாசாவில் மேனாட்டுத் தயாரிப்பாளர் பலருடன் சில நாள்களுள் முடிக்கப்பட்ட ‘கின்சாசா வன் டூ’ தொகுப்பின் வருவாய் ஒக்ஸ்பாமின் பணிக்கு அளிக்கப்பட்டது. ஆயினும் அவ்வேகத்தில் கொங்கோ கலைஞரின் குரல்கள் தயாரிப்பாளரின் ஒலிகளுக்கு மூலப்பொருளாகவே பெரிதும் அமைந்தன. மேலும், சொங்கோய் புளூஸ் உலகறியப்பட வேண்டுமாயின் புகழ்பெற்ற ஆங்கிலேயர் ஒருவர் கதவைத் திறக்க வேண்டியிருந்தது என்னும் உண்மை அப்படியே நிற்கிறது. கதவைத் திறந்தவரைப் பாராட்டுவோம். ஆனால் கதவின் திறவுகோல் ஏன் அவர் கையில் உள்ளது என்று வினவுவதையும் நிறுத்தோம்.

ஆகவே, இத்தகைய கூட்டுப் படைப்புகளை மதிப்பிடுங்கால் மூன்று வினாக்கள் இன்றியமையாதன. இறுதி உருவத்தை நிர்ணயித்தவர் யார்? எவர் எவரிடமிருந்து கற்றார், அக்கல்வி படைப்பில் தெரிகிறதா? கூட்டு முடிந்தபின் வலிமை குறைந்த தரப்பினர் தம் காலில் நிற்க முடிந்ததா? அல்பார்னின் முயற்சிகளுட் சில இவ்வினாக்களுக்கு நின்று விடை கூறுகின்றன, சில கூறவில்லை. ஆயினும், ஒரு நாட்டின் பெருமிதத்தைப் பாடத் தொடங்கிய ஒருவர் பிறரது இசைக்குத் துணைநிற்கக் கற்றுக்கொண்ட கதை பிளர் குழுவின் வரலாற்றுக்கு வெளியேதான் நிகழ்ந்தது. பக்கம் என ஒதுக்கப்பட்டவற்றையே நாம் மையமாகக் கொண்டமைக்கு அதுவே போதிய நியாயமாகும்.