மேடைப் பேச்சும் தொழில் மதிப்பும்: பழங்குடித் தொழில்முனைவோர் போட்டிகள் பற்றி ஒரு திறனாய்வு

ஆவடி வட்டாரத்தில் தொழில் யோசனை சொல்ல இன்று மேடைக்குப் பஞ்சமில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டை, திருமுல்லைவாயில் சிட்கோ, 1961-இல் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலை என்று பட்டறைச் சத்தத்திலேயே வளர்ந்த பகுதி இது. இப்போது பொறியியல் கல்லூரிகளில் இன்குபேட்டர்களும் பிட்ச் போட்டிகளும் சேர்ந்துகொண்டன. 2021 இறுதியில் ‘ஷார்க் டேங்க் இந்தியா’ தொலைக்காட்சிக்கு வந்த பிறகு அந்த வடிவம் எல்லோருக்கும் மனப்பாடம். ஐந்து நிமிடம் பேச்சு, சில நிமிடம் கேள்வி, நடுவர் கையில் மதிப்பெண் தாள், முடிவில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு, மூன்றாம் பரிசு.

இந்த வடிவம் பழங்குடியினரையும் எட்டத் தொடங்கிவிட்டது. பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் நடத்தும் புத்தொழில் நிறுவனங்களுக்காகத் தமிழக அரசு 2022-23-இல் 30 கோடி ரூபாயில் தனி நிதியம் அறிவித்து, அடுத்த ஆண்டே ஒதுக்கீட்டை 50 கோடியாக உயர்த்தியது. இந்தப் பணம் பங்கு முதலீடாகப் போகிறது. கேட்டு வருபவர் தேர்வுக் குழுவின் முன் தன் தொழிலை விளக்கியாக வேண்டும். நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆகவே ஆவடி நரிக்குறவர் குடியிருப்பின் இளைஞர்களும் நாளை இப்படியொரு குழுவின் முன் நிற்கக்கூடும். அவர்களை எப்படி மதிப்பிடப் போகிறோம் என்பதை இப்போதே யோசிப்பது நல்லது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போட்டி கொண்டுவரும் பணமும் அறிமுகங்களும் பழங்குடித் தொழில்முனைவோருக்குக் கட்டாயம் வேண்டும். மேடையில் பேசியதை வைத்து ஒருவரை முதலாமவர், இன்னொருவரை ஏழாமவர் என்று வரிசைப்படுத்தும் பழக்கத்தைக் கைவிட வேண்டும்.

போட்டியின் பலம்

குறை சொல்வதற்கு முன் நிறையை நேர்மையாக எடுத்து வைக்க வேண்டும். நிலப் பட்டா இல்லாத, ஜாமீன் போட ஆளில்லாத ஒருவர் வங்கிக் கிளைக்குள் போனால் மேலாளரின் மேசை வரை போவதே பெரும்பாடு. திட்டக் கடன் என்றால் நடுவில் தரகர் வந்துவிடுவார். போட்டியில் விதி எல்லோருக்கும் தெரிகிறது, தேதி தெரிகிறது, முடிவு சபையில் அறிவிக்கப்படுகிறது. சிபாரிசுக் கடிதம் ஆட்சி செய்யும் இடத்தில் ஒரு மதிப்பெண் தாள் இருப்பதே சின்னப் பாதுகாப்புதான். நடுவர்களாக வரும் வியாபாரிகளில் ஒருவர் பிறகு சரக்கு வாங்குபவராக மாறினால், அது பரிசுத் தொகையைவிடப் பெரிய லாபம்.

பணத்தின் பலன் பற்றி உறுதியான சான்றும் உண்டு. நைஜீரிய அரசு 2011-இல் ‘யூவின்’ என்ற தொழில் திட்டப் போட்டியைத் தொடங்கியது. ஏறத்தாழ 24,000 பேர் விண்ணப்பித்தார்கள். 1,200 பேருக்குச் சராசரியாக 50,000 டாலர் அளவுக்கு மானியம் கிடைத்தது. அரையிறுதி வரை வந்தவர்களில் ஒரு பகுதியினரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்ததால், பணம் பெற்றவரையும் பெறாதவரையும் நியாயமாக ஒப்பிட முடிந்தது. உலக வங்கிப் பொருளாதார அறிஞர் டேவிட் மெக்கன்சி 2017-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று ஆண்டுகள் கழித்தும் பணம் பெற்றவர்களின் தொழில்கள் கூடுதலாகப் பிழைத்திருந்தன, கூடுதல் ஆட்களுக்கு வேலை கொடுத்தன. போட்டி வழியாகப் பணம் கொடுப்பது வீண் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

கனடாவில் பழங்குடிப் பெண் தொழில்முனைவோர் சன்ஷைன் டெனாஸ்கோ 2015-இல் தொடங்கிய ‘பவ்வாவ் பிட்ச்’ இன்னொரு பாடம் தருகிறது. அவர் கனடாவின் ‘டிராகன்ஸ் டென்’ நிகழ்ச்சியில் தானே நின்று பேசியவர். அந்த அனுபவத்தோடு, பழங்குடியினர் கூடும் திருவிழாவுக்கே போட்டியைக் கொண்டுபோனார். தன் சொந்த சனத்தின் முன் நின்று பேசுபவருக்குக் குரல் நடுங்குவதில்லை.

மதிப்பெண் தாள் எதைப் பார்க்கிறது?

நரிக்குறவர் பாசிமணிக் கடை ஒன்றைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். தார்ப்பாய் விரித்து, குறடும் கம்பியும் நரம்பும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டே ஒரு அம்மா மணி கோக்கிறார். கோயில் திருவிழாவில் எது போகும், பஸ் நிலையத்தில் எது போகும், ஐயப்ப சீசனில் எந்த மாலையைக் கேட்பார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. விற்காமல் தங்கிய மாலையைப் பிரித்து, அதே மணியை வேறு நிறத்தோடு சேர்த்து அடுத்த ஊருக்கு எடுத்துப் போகிறார். அவரிடம் தேங்கிய சரக்கு என்று ஒன்று கிடையாது. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை மூடிய பிறகு மணி வியாபாரத்தையே முழுப் பிழைப்பாக்கிக்கொண்ட சமூகத்தின் கையில் சேர்ந்த அறிவு அது.

இப்போது அவரை மேடையில் நிறுத்துங்கள். சந்தையின் மொத்த அளவு என்ன, மூன்று ஆண்டு வருவாய்க் கணிப்பு என்ன, போட்டியாளர் யார், இதைப் பத்து மடங்கு பெரிதாக்க என்ன வழி என்று தாள் கேட்கும். சரக்கைத் தேங்கவிடாத திறமைக்கு அதில் கட்டம் இல்லை. வீட்டில் எழுத்து வடிவம் இல்லாத வாக்ரிபோலி மொழி பேசி, வெளியில் தமிழில் வியாபாரம் செய்பவர், ஆங்கிலச் சொற்கள் நிறைந்த ஸ்லைடுகளைக் காட்டிப் பேச வேண்டியிருக்கிறது. அங்கே தடுமாறினால் ‘தெளிவு’ என்ற கட்டத்தில் மதிப்பெண் போகிறது. அவர் இழந்தது பேச்சுக்கான மதிப்பெண். நடுவர் அதைத் தொழிலுக்கான மதிப்பெண்ணாக எழுதிக்கொள்கிறார்.

பேசுபவரின் தோற்றமும் குரலும் முடிவை இழுக்கின்றன என்பதற்கு ஆய்வுகள் உண்டு. ஒரே தொழில் யோசனையை ஆண் குரலிலும் பெண் குரலிலும் விளக்கிக் காட்டியபோது ஆண் குரலுக்கே ஆதரவு கூடியது என்று அமெரிக்க அறிஞர்கள் 2014-இல் வெளியிட்டனர். டானா கான்ஸ் குழுவினரின் 2018 ஆய்வு கேள்விகளை ஆராய்ந்தது. முதலீட்டாளர்கள் ஆண்களிடம் பெரும்பாலும் ‘எவ்வளவு வளர்வீர்கள்’ என்ற திசையிலும், பெண்களிடம் ‘நஷ்டத்தை எப்படித் தவிர்ப்பீர்கள்’ என்ற திசையிலும் கேட்டார்கள். இரண்டாம் வகைக் கேள்வியைச் சந்தித்தவர்கள் குறைவான பணமே திரட்டினார்கள். பழங்குடியினரை வைத்துச் செய்த ஆய்வு அல்ல அது. ஆனாலும் இருளர் இளைஞர் ஒருவரிடம் ‘கணக்கு எழுதத் தெரியுமா, பாதியில் விட்டுவிட மாட்டீர்களே’ என்று நம் நடுவர் கேட்கும்போது அதே சாய்வுதான் வேலை செய்கிறது என்று நான் கருதுகிறேன்.

எதிர்த்திசைச் சாய்வும் உண்டு, அது பார்க்க நல்லெண்ணம் போலவே இருக்கும். கஷ்டத்தைச் சொல்லி அழவைப்பவருக்குக் கைதட்டல் கூடுகிறது. தலையில் இறகு, கழுத்தில் மணி என்று வேடம் கட்டி வந்தால் புகைப்படம் கூடுகிறது. கொத்தடிமையாக இருந்த செங்கல் சூளையை விட்டு வெளியே வந்து, அமைதியாக ஒரு மீன் வண்டி நடத்துபவர் இந்த இரண்டிலும் சேராமல் பின்னால் போய்விடுகிறார்.

நடுவரின் கணிப்பு எவ்வளவு சரி?

சாய்வையெல்லாம் களைந்துவிட்டால் நடுவர் சரியாகக் கணித்துவிடுவாரா? மறுபடியும் நைஜீரியா பதில் தருகிறது. மெக்கன்சியும் டாரியோ சான்சோனேயும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், நடுவர்கள் போட்ட மதிப்பெண்ணையும் மூன்று ஆண்டுகளுக்குப் பிந்தைய நிலையையும் ஒப்பிட்டார்கள். வென்றவர்களுக்குள் எந்தத் தொழில் பிழைக்கும், எது வளரும் என்பதை அந்த மதிப்பெண்கள் காட்டிக்கொடுக்கவில்லை. ஒரே போட்டி இரண்டு உண்மைகளைச் சொல்லியிருக்கிறது: பணம் வேலை செய்தது, தரவரிசை வேலை செய்யவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் போட்டி நடத்துவது பெரிய தவறு.

தனியாளா, கூட்டமா?

வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாம்புத் தோல் வியாபாரம் தடைப்பட்டுப் பிழைப்பு போன நிலையில், பாம்பியல் அறிஞர் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியோடு 1978-இல் உருவானது அது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உறுப்பினர்கள் பிடித்து வருகிறார்கள். வாயில் துணி கட்டிய மண்பானைகளில் அவற்றை வைத்திருந்து, சில வாரங்களில் நான்கு முறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டிக் காட்டில் விடுகிறார்கள். அதே பாம்பு சீக்கிரமே மறுபடி சிக்கினால் அடையாளத்தைப் பார்த்து விட்டுவிடலாம். இந்தியாவில் விஷமுறிவு மருந்து தயாரிக்கத் தேவையான விஷத்தின் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகிறது. 2023-இல் இருளர்களான மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

இந்தச் சங்கம் ஒரு பிட்ச் போட்டிக்கு வந்தால் என்ன ஆகும்? வாங்குபவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சில கம்பெனிகள். எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதை வனத்துறை முடிவு செய்யும். பத்து மடங்கு வளர வழியில்லை, வளரவும் கூடாது. நிறுவனர் என்று சொல்ல ஒருவர் இல்லை, உறுப்பினர்கள்தான் இருக்கிறார்கள். முதல் சுற்றிலேயே வெளியே அனுப்பிவிடுவார்கள். கோத்தகிரியில் 2013-இல் பதிவான ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனமும் தேன் முதலான பொருள்களைக் கூட்டாகச் சேகரித்து விற்பதுதான். 2021-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசு அதற்குக் கிடைத்தது. தமிழ்நாட்டில் பழங்குடியினர் நிலைநிறுத்திக் காட்டிய இந்த இரண்டு தொழில்களுமே கூட்டுச் சொத்து. தனி நிறுவனர், பிரைவேட் லிமிடெட், பங்கு விற்பனை என்ற சட்டகம் இவற்றுக்குப் பொருந்தாது.

ஆவடிக்கு இதில் ஒரு வரலாற்றுப் பொறுப்பு இருக்கிறது. 1955 ஜனவரியில் இங்கே கூடிய காங்கிரஸ் மாநாடுதான் சோஷலிச பாணிச் சமுதாயத்தை இலக்காக அறிவித்தது. அதற்குத் தலைமை வகித்த யு.என். தேபரே பிறகு 1960-61-இல் பட்டியல் பகுதிகள், பட்டியல் பழங்குடியினர் ஆணையத்துக்கும் தலைவரானார். கூட்டு உடைமையைத் தொழில் வடிவமாக மதித்த ஒரு காலத்தின் பெயரைத் தாங்கிய ஊரில், தனியாளைத் தவிர வேறு யாரையும் அடையாளம் காணாத போட்டியை நடத்துவது பொருத்தமில்லை.

மேடையில் கேட்கக் கூடாத கேள்வி

மூலிகைத் தொழிலோடு வருபவரிடம் ‘இதில் என்னென்ன சேருகிறது’ என்று நடுவர் சாதாரணமாகக் கேட்டுவிடுவார். கேரளத்தின் காணிப் பழங்குடியினர் 1987-இல் அகத்தியமலையில் ஆய்வாளர்களுக்குக் காட்டிய ஆரோக்கியப் பச்சைச் செடியிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து உருவானது. வருவாயில் காணிகளுக்குப் பங்கு தர ஏற்பாடு செய்ததால் அது உலகம் பேசிய உதாரணமாயிற்று. மைக் முன்னால் சொல்லிவிட்ட பக்குவத்துக்கு அப்படி எந்த ஏற்பாடும் இல்லை. சொல்ல மறுப்பவருக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது என்பது எழுதப்பட்ட விதியாக இருக்க வேண்டும்.

எப்படி மாற்றலாம்?

நடுவர்கள் முதலில் தொழில் நடக்கும் இடத்துக்குப் போகட்டும். குடியிருப்பிலும் சந்தையிலும் அரை நாள் உட்கார்ந்தால், ஸ்லைடில் தெரியாதது தெரியும். குழுவில் பாதிப் பேராவது பழங்குடியினராக, அவர்களிலும் கூட்டுறவோ வியாபாரமோ நடத்திப் பழகியவர்களாக இருக்க வேண்டும். பேசும் மொழியை வருபவர் தேர்ந்துகொள்ளட்டும். தேவையானால் மொழிபெயர்க்க அவருடைய ஆளே பக்கத்தில் இருக்கட்டும். குழுவாக வருபவர்களுக்கும் தனியாக வருபவருக்கும் ஒரே உரிமை வேண்டும்.

மதிப்பெண் தாள் தகுதிக்கு மட்டும் பயன்படட்டும். கணக்கு நேர்மையாக இருக்கிறதா, வாங்க ஆள் உண்டா, சட்டத்துக்கு உட்பட்டதா என்று பார்த்து, தகுதி பெற்ற எல்லோருக்கும் ஒரே தொகை கொடுக்கலாம். பணம் போதாவிட்டால் சபை நடுவே சீட்டுக் குலுக்கலாம். குலுக்கல் திறமையை அவமதிக்கிறது என்று சிலர் வாதிடுவார்கள். 71 மதிப்பெண்ணுக்கும் 69 மதிப்பெண்ணுக்கும் நடுவில் உண்மையில் இல்லாத வித்தியாசத்தை இருப்பதாக அறிவிப்பதுதான் பெரிய அவமதிப்பு. தொகை மானியமாக இருப்பது முக்கியம். திருவள்ளூர் மாவட்டத்தின் அரிசி ஆலைகளிலும் சூளைகளிலும் முன்பணம் வாங்கியதால் கொத்தடிமையான இருளர் குடும்பங்களுக்குக் கடன் என்ற பேச்சே அச்சம். அறிவித்த தேதியில் பணம் கணக்கில் ஏற வேண்டும். பரிசளிப்புப் படத்துக்கான அட்டைக் காசோலை வயிற்றை நிரப்பாது.

கடைசியாக, நடுவர்களையும் மதிப்பிட வேண்டும். ஒவ்வொரு போட்டியின் மதிப்பெண் தாள்களையும் பத்திரப்படுத்தி, மூன்று ஆண்டு கழித்து அந்தத் தொழில்கள் இருக்கும் நிலையோடு ஒப்பிட்டு, பொதுவில் வெளியிட வேண்டும். யாருடைய கணிப்பு பலித்தது, யார் எந்தச் சமூகத்தைத் தொடர்ந்து தாழ்த்தி மதிப்பிட்டார் என்பது அப்போது எல்லோருக்கும் தெரியும். தன் தீர்ப்பு சோதிக்கப்படும் என்று அறிந்து ஒப்புக்கொள்பவரையே அடுத்த முறை நடுவராக அழைக்க வேண்டும்.