யார் பேசும் சீனம்?

நாட்றம்பள்ளியிலிருந்து கிழக்கே போனால் வாணியம்பாடி, ஆம்பூர். மேற்கே போனால் பர்கூர். தோலையும் காலணியையும் நம்பிப் பிழைக்கும் இந்தப் பகுதியில் வெளிநாட்டு மொழி என்றால் ஆங்கிலம்தான் என்று வெகுகாலம் இருந்தது. இப்போது அப்படியில்லை. தைவானின் ஃபெங் டே குழுமம் செய்யாற்றிலும் பர்கூரிலும் காலணி ஆலைகள் வைத்திருக்கிறது. பனப்பாக்கம் சிப்காட்டுக்கு அதே தைவானைச் சேர்ந்த காலணி நிறுவனமான ஹாங் ஃபூ வந்திருக்கிறது. நாலு வார்த்தை சீனம் தெரிந்த சூப்பர்வைசருக்கு இங்கே தனி மதிப்பு உண்டு. ஆனால் சீனம் சொல்லித்தரும் வகுப்பைத் தேடினால் சென்னைக்கோ பெங்களூருக்கோ போக வேண்டும். விடியலில் கம்பெனி பஸ் ஏறி இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்களுக்கு அது நடக்கிற காரியமில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து செல்போனில் கேட்கிற ஒலிப்பாடம்தான் அவர்களுக்கு வாத்தியார்.

தமிழில் இதற்கு முன்னோடி உண்டு. பெய்ஜிங்கிலிருந்து 1963 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கிய சீன வானொலியின் தமிழ் ஒலிபரப்பு, சிற்றலையில் இரைச்சலோடு வந்தாலும், தமிழ்நாட்டில் ஊர்தோறும் நேயர் மன்றங்களை உண்டாக்கியது. கலைமகள் என்ற பெயரில் பேசிய ஜாவ் ஜியாங்கைப் போல, தமிழைக் கற்றுத் தேர்ந்த சீனர்கள் அதில் அறிவிப்பாளர்களாக இருந்தார்கள். தமிழ் வழியே சீனம் கற்பிக்கும் பாடங்களும் அதில் வந்தன. பிற்பாடு இணையத்திலும் ஏறின. சீனக் குரல் ஒரு வாக்கியத்தைச் சொல்லும், தமிழ்க் குரல் விளக்கும், மறுபடி சொல்லக் கேட்கலாம். எளிய முறைதான். ஆனால் அதன் பலத்தை இன்றைய பளபளப்பான செயலிகள் பலவற்றில் நான் காணவில்லை. அவை ஆங்கிலம் வழியாகத்தான் சீனத்துக்குக் கூட்டிப்போகின்றன. பத்தாம் வகுப்போடு நின்று தையல் பிரிவில் சேர்ந்த பெண்ணுக்கு அது இரட்டைச் சுமை. தாய்மொழியில் விளக்கம் கேட்பது சலுகை அன்று, பாடம் மனதில் நிற்பதற்கான அடிப்படை.

சீனத்துக்கு ஒலிப்பாடம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம். சாப்பிட்டு வயிறு நிறைந்துவிட்டது என்பதை ‘பாவ் லெ’ என்பார்கள். அதே ‘பா’வில் கொஞ்சம் மூச்சைச் சேர்த்துத் தள்ளினால் ஓடிவிட்டான் என்று பொருள் மாறும். நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ‘ப’தான். எத்தனை நல்ல புத்தகமானாலும் இந்த இடத்தில் கைவிட்டுவிடும், காதுதான் காப்பாற்றும்.

குறை எங்கே என்றால், எந்தக் காதுக்காக, யாருடைய வாயிலிருந்து பாடம் பதிவாகிறது என்பதில் இருக்கிறது. ஒலிப்பாடங்களில் பெரும்பாலானவை பெய்ஜிங் வழக்கில், பயணிக்காகச் செய்யப்பட்டவை. வணக்கம், நலமா, பெருஞ்சுவருக்கு எப்படிப் போவது என்று போகும். நம் ஊர் ஆலையில் எதிரே நிற்பவரோ தைவான்காரர். சீனத்தில் 14 என்பது ‘ஷிஸி’, 40 என்பது ‘ஸிஷி’. பெய்ஜிங் குரலில் ஷவும் ஸவும் தெளிவாகப் பிரியும். தைவானில் பலர் நாக்கை மடிப்பதில்லை. இரண்டும் ‘ஸிஸி’ என்றே விழும். 14இல் குரல் ஏறி இறங்கும், 40இல் இறங்கி ஏறும். அந்த ஏற்ற இறக்கம் ஒன்றுதான் வித்தியாசம். கேட்டது 14 ஜோடியா, 40ஆம் சைஸா என்று லைனில் நிற்பவர் அந்தக் கணத்தில் பிரித்தறிய வேண்டும். குப்பைக்குப் பெய்ஜிங்கில் ‘லாஜி’, தைபேயில் ‘லெஸெ’, எழுத்து ஒன்றே. இதையெல்லாம் சொல்லாத பாடத்தைக் கரைத்துக் குடித்தவரும் முதல் நாளே திகைத்து நிற்பார்.

இன்னொரு குறை, பாடத்துக்கும் வயதாகும் என்பதை நடத்துகிறவர்கள் மறந்துவிடுவது. சில்லறை எண்ணிக் கொடுக்கும் கடைக் காட்சி பழைய பாடங்களில் தவறாமல் வரும். இன்று சீனக் கடைகளில் செல்போனில் குறியீட்டை ஸ்கேன் செய்கிறார்கள். சீன மொழித் திறனைச் சோதிக்கும் எச்.எஸ்.கே. தேர்வின் முதல் நிலைக்கு 150 சொற்கள் போதும் என்றிருந்தது. 2021இல் வெளியான தரநிலை முதல் நிலைக்கு 500 சொற்கள் என்றது. 150ஐ நம்பித் தொகுத்த பாட வரிசைகளைத் திருத்தாவிட்டால், கற்பவர் பழைய வரைபடத்தோடுதான் கிளம்புகிறார்.

புதுப்பித்தல் என்றால் புதிதாகச் சேர்த்துக்கொண்டே போவது என்று பலரும் நினைக்கிறார்கள். 2005இல் ஷாங்காயில் தொடங்கிய சைனீஸ்பாட் என்ற இணைய ஒலிப்பாடத் தளம் நாள்தோறும் புதுப் பாடம் தந்து பெயர் வாங்கியது. இரண்டு பேர் அரட்டையடிப்பதுபோல் பாடம் நடத்திய விதம் உண்மையிலேயே சிறப்பானது. ஆனால் ஆயிரக்கணக்கில் பாடங்கள் குவிந்த பிறகு, புதிதாக வருகிறவருக்கு எதிலிருந்து தொடங்குவது என்பதே பெரிய கேள்வியாகிவிடும். என் கணிப்பில், 300 புதுப் பாடங்களைவிட, ஆண்டுக்கொரு முறை திருத்தி மறுபதிவு செய்த 60 பாடங்கள் மேல்.

பாடம் ஒருவழிப் பாதையாகப் போவதும் எனக்கு உறுத்துகிறது. கற்பவர் சொன்னது சரியா என்று அதற்குத் தெரியாது. தவறான ஏற்ற இறக்கத்தை நூறு முறை சொல்லிப் பழகினால் அந்தத் தவறு நாக்கில் உறைந்துவிடும். சீன வானொலிக்கு நேயர்கள் கடிதம் போட்டார்கள், பதிலும் வந்தது. ஆனால் உச்சரிப்பைக் கடிதத்தில் அனுப்ப முடியாது. இன்று அரை நிமிட வாட்ஸ்அப் குரல்பதிவே போதும். கேட்டுத் திருத்த ஓர் ஆள்தான் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்க யாரும் முன்வராததுதான் தடை.

‘நான் முதல்வன்’ திட்டத்தை நடத்தும் தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் இதைக் கையிலெடுக்கலாம். கட்டிங், ஸ்டிச்சிங், லாஸ்டிங் என ஒவ்வொரு பிரிவிலும் புழங்கும் வாக்கியங்களை, பெய்ஜிங் குரல் ஒன்றும் தைவான் குரல் ஒன்றுமாகப் பதிந்து, தமிழ் விளக்கத்தோடு தரலாம். பதிவான ஆண்டை ஒவ்வொரு பாடத்தின் தொடக்கத்திலும் சொல்லிவிட வேண்டும். முதல் பாடம் எண்களாக இருக்கட்டும்.