பழங்கிழங்கின் கண்

தரை ஆர்க்கிட்டின் பூவை ரசிக்க ஆள் உண்டு. கிழங்கை ரசிப்பவர்களைத்தான் காணோம். அதன் அழகு மண்ணுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது என்பது என் கட்சி. தொட்டியைக் கவிழ்த்துத் தூர் பிரிக்கத் தெரிந்தவருக்கே அது கண்ணில் படும்.

திருவண்ணாமலையை ஒட்டிய எங்கள் வேங்கிக்காலில் ஆர்க்கிட்டா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அண்ணாமலையின் பாறை பகலெல்லாம் குடித்த வெயிலை இரவில் கக்கும் ஊர் இது. போர் தண்ணீரோ உப்பு. மரத்தில் தொற்றி வளரும் குளிர்நாட்டு வகைகளை இங்கே கொண்டுவந்து வதைக்க வேண்டாம். நர்சரியில் ‘கிரவுண்ட் ஆர்க்கிட்’ என்று விற்கிற ஸ்பாத்தோகுளோட்டிஸ் பிளிகேட்டா வேறு சாதி. பூக்காத நாளில் பார்ப்பவர்கள் பனங்கன்று என்றே நினைப்பார்கள். இலையில் அப்படியொரு மடிப்பு. தென்கிழக்கு ஆசியாவின் திறந்தவெளிகளில் வளர்ந்த செடி அது. 1883இல் எரிமலை வெடித்துச் சாம்பலாகிப்போன கிரகடோவா தீவில், அந்த நூற்றாண்டு முடிவதற்குள் குடியேறிவிட்ட ஆர்க்கிட்டுகளில் இதுவும் ஒன்று. சாம்பலில் பிழைத்ததற்கு மொட்டை மாடியில் ஒரு நிழல்வலையும் பிடித்துவைத்த மழைத்தண்ணீரும் போதும்.

பிரிப்பதற்கு ஆடி நல்ல மாதம். வெக்கை தணிந்து சாயங்கால மழை எட்டிப்பார்க்கும் நேரம். தொட்டியைப் பக்கவாட்டில் தட்டி, மண்ணை உதிர்த்து, வேரை அலசினால் கிழங்குகள் ஒன்றையொன்று பிடித்தபடி வரிசையாக வெளிப்படும். இந்த வரிசையைப் படிப்பதுதான் முதல் சுகம். முன்னால் இருப்பது இலையோடு நிற்கும் புதுக்கிழங்கு. அதற்குப் பின்னால் அதை ஈன்றது. அதற்கும் பின்னால் அதன் தாய். எந்தப் பருவத்தில் செடி நன்றாகச் சாப்பிட்டது, எதில் பட்டினி கிடந்தது என்பதெல்லாம் கிழங்கின் பருமனிலேயே தெரிந்துவிடும். இடையில் ஒன்று மட்டும் சூம்பியிருந்தால், அது வளர்ந்தபோது தண்ணீரோ நிழலோ குறைந்திருக்கிறது.

கடைசியில் இருப்பவை இலை உதிர்ந்த பழங்கிழங்குகள். நெல்லிக்காய் அளவு, பழுப்பு நிறம், மேலே காய்ந்த நார். செத்துவிட்டது என்று பலரும் குப்பையில் போடுவது இதைத்தான். அந்த நாரை விரல் நுனியால் பொறுமையாக உரித்துப் பாருங்கள். உள்ளே தோல் வெளிர்பச்சையாக இருக்கும். இலை ஒட்டியிருந்த வளையத் தழும்புகள் தெரியும். தழும்பை ஒட்டி, அரிசிமணியில் பாதிகூட இல்லாத ஒரு மேடு. அதுதான் கண். முன்கிழங்கு வளர்ந்துகொண்டிருக்கும்வரை பின்கிழங்கின் கண் பெரும்பாலும் உறங்கிக் கிடக்கும். இணைப்பை வெட்டிவிட்டால் விழித்துக்கொள்ளும். கத்தி இங்கே எழுப்பிவிடும் கருவி.

வெட்டுவதிலும் ஒரு நயம் உண்டு. பூக்கும் தூராக வேண்டுமென்றால் துண்டுக்கு இரண்டு மூன்று கிழங்குகளாவது சேர்ந்திருக்க வேண்டும். ஒற்றை ஒற்றையாக நறுக்கினால் எண்ணிக்கை கூடும், பூ தள்ளிப்போகும். கத்தியை நெருப்பில் காட்டி, வெட்டுவாயில் மஞ்சள்தூள் தடவி, ஒரு நாள் நிழலில் ஆறவிட்டு நடுவது என் வழக்கம். ஆற்றுமணல், இலைமக்கு, உடைத்த செங்கல், கொஞ்சம் கரி. கிழங்கின் தோள் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும், புதைத்தால் அழுகும். பழங்கிழங்குகளைத் தனியே ஈரத் தேங்காய் நார்க்கழிவில் படுக்கவைத்தால் சில வாரங்களில் கண் பருத்துக் கூராகும். பூ விரிவதைவிட எனக்கு இது பிடிக்கும்.

விதை வேறொரு உலகம். காய் வெடித்தால் பறப்பது தூசிதான். முளைக்கும் குஞ்சுக்கென்று கட்டுச்சோறு எதுவும் அந்த விதைக்குள் கிடையாது. மண்ணில் உள்ள ஒருவகைப் பூஞ்சை உள்ளே நுழைந்து ஊட்டினால்தான் முளைக்கும். இதை 1899இல் கண்டுசொன்னவர் பிரான்சின் நோயல் பெர்னார். 1922இல் அமெரிக்காவின் லூயிஸ் நட்சன், சர்க்கரை கலந்த அகர் கூழில் பூஞ்சையே இல்லாமல் முளைக்கவைத்தார். இன்று ஆய்வுக்கூடக் குப்பிகளில் லட்சக்கணக்கில் கன்று வருவது அந்த வழியில்தான். வீட்டில் குப்பி வைத்துச் செய்பவர்களை மதிக்கிறேன். ஆனால் என் மனம் பெர்னார் பக்கம். முற்றிய காயைத் தாய்த்தொட்டியின் மண்மீதே உதறிவிட்டு, பூவாளியால் தண்ணீர் தெளித்து வந்தால், எப்போதாவது குண்டூசித்தலை அளவில் பச்சைப் புள்ளிகள் தோன்றும். முதல் இலை விரியும்போதே அதில் மடிப்பு இருக்கும்.

இந்தப் பூஞ்சை உறவைப் புரிந்துகொண்டவர் மலையில் கிழங்கு தோண்ட மாட்டார். கிழக்குத் தொடர்ச்சி மலையின் புதர்க்காடுகளில் யூலோஃபியா, ஹாபினேரியா போன்ற நம் தரை ஆர்க்கிட்டுகள் உண்டு. தன் மண்ணையும் அதன் பூஞ்சையையும் விட்டுவந்த காட்டுக்கிழங்கு தொட்டியில் ஒரு மழைக்காலம் தலைகாட்டிவிட்டு மறைந்துபோவது சகஜம். அவற்றைப் பார்க்க ஆசையிருந்தால் மழைக்காலத்தில் காட்டிலேயே போய்ப் பாருங்கள். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டமும் இருக்கிறது.

வீட்டுக்கு யாராவது கன்று கேட்டு வந்தால், கண் விழித்த கிழங்கோடு தாய்த்தொட்டியின் பழைய மண்ணையும் ஒரு கைப்பிடி காகிதத்தில் மடித்துக் கொடுப்பேன். கிழங்கு பிழைக்க அது தேவையில்லை. நாளைக்கு அவர்கள் தொட்டியில் காய் வெடிக்கும்போது தேவைப்படும்.