சத்தமே போடாத ஜால்ரா

எங்கள் ஃப்ளாட்டில் மூன்றாவது மாடியில் ஒரு பையன் டிரம்ஸ் வாசிக்கிறான். உங்களுக்கு என் மேல் அனுதாபம் வருவதற்குள் சொல்லிவிடுகிறேன், அவனுடையது எலெக்ட்ரானிக் டிரம்ஸ். ஹெட்போன் மாட்டிக்கொண்டு ரப்பர் தட்டுகளை அடிப்பதால், யாரோ விடாமல் அதிரசம் தட்டுகிற மாதிரி 'தப் தப்' மட்டும்தான் எனக்குக் கேட்கும். சனி, ஞாயிறுகளில் ஒரு லைட் மியூசிக் ட்ரூப்போடு கல்யாண ரிசப்ஷன்களுக்குப் போவான். பதினோரு ரிசப்ஷன் வாசித்துச் சேர்த்த காசில் போன மாதம் ஒரு ரைடு சிம்பல் வாங்கினான்.

ரைடு என்பது டிரம்மரின் வலது கைப்பக்கம் இருக்கும் பெரிய தட்டு. பாட்டு நெடுக 'டிங் டிங்' என்று ஓடிக்கொண்டிருப்பது அதுதான். அதன் நடுவில் கவிழ்த்த கிண்ணம் போல ஒரு மேடு உண்டு. 'பெல்' என்பார்கள். அதில் அடித்தால் கோயில் மணியின் தம்பி மாதிரி கணீரென்று கேட்க வேண்டும். பையன் வாங்கியது 'த்ரீ ஸோன்' சிம்பல்: பரப்பில் ஒரு சத்தம், விளிம்பில் ஒரு சத்தம், பெல்லில் ஒரு சத்தம். அட்டைப்பெட்டியிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பக்கத்திலேயே, எல்லா மாட்யூலோடும் 'கம்பாட்டிபிள்' என்றும் போட்டிருந்தது.

"அங்கிள், பெல் மட்டும் வரமாட்டேங்குது. கடையில கேட்டா 'செட்டிங்ல இருக்கும், பாருங்க தம்பி'ங்கறாங்க."

மூன்று நாள் செட்டிங்கில் தேடியிருக்கிறான். இல்லை. இருக்கவும் இருக்காது. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்த வாரம் இத்தனை பீடிகை. டிரம்ஸ் பக்கமே போகாதவர்களும் தொடர்ந்து படிக்கலாம். 'கம்பாட்டிபிள்' என்ற வார்த்தையை நம்பி ஏமாறுவதற்கு டிரம்ஸ் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். எலெக்ட்ரானிக் சிம்பல் சத்தம் போடாது. நிஜ சிம்பல் வெண்கலம். நல்ல ரகங்களில் நூற்றுக்கு 80 பங்கு செம்பு, 20 பங்கு வெள்ளீயம். அடித்தால் அந்த உலோகம்தான் அதிர்கிறது, அதுவேதான் கேட்கிறது. எலெக்ட்ரானிக் சிம்பலோ, ரப்பர் போர்த்திய பிளாஸ்டிக். தன் முதலாளியான மாட்யூல் என்ற பெட்டியிடம் 'என்னை அடித்தார்கள், இவ்வளவு பலமாக, இந்த இடத்தில்' என்று கோள் சொல்வது மட்டுமே அதன் வேலை. சத்தம் பெட்டிக்குள் ரெகார்ட் செய்தோ செயற்கையாக உருவாக்கியோ வைத்திருக்கிறது. ஜால்ரா என்ற சொல்லுக்கு நம்மூரில் இன்னொரு அர்த்தம் உண்டே, அதற்கு இதைவிடப் பொருத்தமான சாதனம் கிடையாது. ஆகவே "இந்த சிம்பல் எப்படிக் கேட்கும்?" என்று கடையில் கேட்டுப் பிரயோஜனமில்லை. "இது சொல்வது என் பெட்டிக்குப் புரியுமா?" என்பதுதான் கேள்வி.

கோள் சொல்வது எப்படி? ரப்பருக்கு அடியில் பியெஸோ என்ற சின்னஞ்சிறு வில்லை இருக்கிறது. அழுத்தினால் மின்சாரம் கொடுக்கும் பொருள். 1880-ல் ஜாக் க்யூரி, பியர் க்யூரி என்ற சகோதரர்கள் கண்டுபிடித்த சமாசாரம் (பியர் பிற்பாடு மேரி க்யூரியின் கணவர்). உங்கள் சமையலறையில் 'டிக்' என்று பொறி பறக்கவிடும் காஸ் லைட்டரில் இருப்பதும் இந்தச் சாதிதான். குச்சி பட்டதும் பியெஸோவில் ஒரு வோல்டேஜ் துள்ளும். மாட்யூல் முதல் ஓரிரு மில்லி செகண்டில் அதன் உச்சத்தை அளந்து, எத்தனை பலமான அடி என்று முடிவு செய்யும். தட்டு அதற்கப்புறமும் ஆடிக்கொண்டிருக்கும் அல்லவா, அந்த ஆட்டத்தைப் புது அடி என்று எண்ணிவிடாமல் இருக்கக் கொஞ்ச நேரம் காதைப் பொத்திக்கொள்ளும். பொத்துகிற நேரம் குறைந்தால் ஒரு அடி இரண்டாகக் கேட்கும். அதிகமானால், வேகமாக உருட்டும்போது பாதி அடிகள் காணாமல் போகும். வேற்றுக் கம்பெனித் தட்டை மாட்டியதும் வரும் தகராறுகளில் பாதி இந்த ரகம். அதை நிஜமாகவே செட்டிங்கில் சரி செய்யலாம்.

மற்ற பாதியைச் சரி செய்ய முடியாது. விளிம்புக்கு வாருங்கள். பெரும்பாலான சிம்பல்களில் விளிம்பு ரப்பருக்குள் ஒரு மெல்லிய ஸ்விட்ச் பட்டை ஓடுகிறது, கால்குலேட்டர் பொத்தான்களுக்கு அடியில் இருக்கிற மாதிரி. விளிம்பில் அடித்தால் 'எவ்வளவு பலம்' என்பதை பியெஸோவும் 'எங்கே' என்பதை ஸ்விட்சும் சொல்கின்றன. விளிம்பை விரலால் பிடித்தால் ஸ்விட்ச் அமுங்கியே இருக்கும். பெட்டி அதைப் புரிந்துகொண்டு சத்தத்தைச் சட்டென்று நிறுத்தும். டிரம்மர்கள் 'சோக்' என்பார்கள். சில மலிவு சிம்பல்களில் விளிம்புக்கும் ஸ்விட்ச் இல்லாமல் இன்னொரு பியெஸோவே இருக்கும். பியெஸோவுக்கு அடி தெரியும், பிடி தெரியாது. எனவே சோக் வராது. அட்டைப்பெட்டி இதைச் சொல்லாது.

இப்போது வயர். சிம்பலுக்கும் பெட்டிக்கும் நடுவே ஓடுவது ஒரு ஸ்டீரியோ கேபிள். அதன் ஜாக் முனையைப் பாருங்கள், இரண்டு கறுப்பு வளையங்கள் இருக்கும். அதாவது மூன்று இணைப்பு: ஒன்று பியெஸோவுக்கு, ஒன்று ஸ்விட்சுக்கு, ஒன்று பொதுவான எர்த். (ஒரே வளையம் இருந்தால் அது மோனோ கேபிள். அதைப் போட்டால் விளிம்பு செத்துவிடும். சிம்பலைக் குறை சொல்வதற்கு முன்னால் வளையத்தை எண்ணுங்கள். கடைக்குத் திரும்பிப் போகும் சிம்பல்களில் பல நிரபராதிகள்.) பியெஸோவும் விளிம்பும் இடம் பிடித்தாயிற்று. மூன்றாவதாக வந்த பெல் எங்கே உட்காரும்?

இங்கேதான் கம்பெனிகள் ஆளுக்கொரு திசையில் போனார்கள். ரோலண்ட் தன் சி.ஒய்.15ஆர், சி.ஒய்.13ஆர் போன்ற ரைடுகளில் இரண்டு ஜாக் வைத்தது. ஒன்று பரப்புக்கும் விளிம்புக்கும், இன்னொன்று பரப்புக்கும் பெல்லுக்கும். இரண்டு கேபிள், பெட்டியில் இரண்டு வாசல். யமஹா தன் பி.சி.ஒய்.135, 155-ல் ஒரே கேபிளில் முடித்துவிட்டது. விளிம்பு ஸ்விட்சுக்கு ஒரு மின்தடை, பெல் ஸ்விட்சுக்கு வேறொரு மின்தடை. பெட்டி அந்த வித்தியாசத்தை அளந்து எது எதென்று தெரிந்துகொள்ளும். இரண்டுமே கெட்டிக்காரத்தனமான வழிகள்தான். ஆனால் ஒருவர் தட்டை மற்றவர் பெட்டியில் செருகினால் பாதிப் பேச்சுதான் புரியும். ஜாக் என்னவோ கச்சிதமாகப் பொருந்தும். பொருந்துவதாலேயே வாங்கிவிடுகிறோம்.

பையனின் கதை அதுதான். சிம்பல் இரண்டு கேபிள் கட்சி. பெட்டி ஒற்றைக் கேபிள் கட்சி.

எனக்கு எரிச்சல் எங்கே என்று சொல்கிறேன். ரோலண்ட் நிறுவனர் இகுடாரோ ககேஹாஷியும் அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் முன்னின்று மிடி என்ற பொது மொழியைக் கொண்டுவந்தார்கள். 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த நாம் கண்காட்சியில் இரண்டு போட்டிக் கம்பெனிகளின் கீபோர்டுகளை ஒரு கேபிளால் இணைத்து, ஒன்றை வாசிக்க மற்றதைப் பேச வைத்துக் காட்டினார்கள். அந்த மொழிக்கு யாரிடமும் ராயல்டி கேட்கவில்லை. இந்தக் காரியத்துக்காக 2013-ல் இருவருக்கும் டெக்னிக்கல் கிராமி கொடுத்தார்கள். 1991-ல் வந்த ஜெனரல் மிடியில் ஒவ்வொரு தாளச் சத்தத்துக்கும் நம்பரே போட்டுவிட்டார்கள். ரைடு சிம்பல் 51. அதன் பெல் 53. ஒஸாகாவில் அனுப்பினாலும் ஒரத்தநாட்டில் வாங்கினாலும் 53 என்றால் பெல். சண்டை இல்லை, சந்தேகம் இல்லை.

ஆனால் அந்த 53 பெட்டியிலிருந்து வெளியே போகும்போதுதான். பெட்டிக்கு உள்ளே வரும் ஒன்றரை மீட்டர் வயருக்கு இன்றுவரை ஒரு பொது ஒப்பந்தம் கிடையாது. கண்டங்களுக்கு நடுவே ஒப்புக்கொண்டவர்கள் தட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே ஒப்புக்கொள்ளவில்லை. வடிவமைத்தவர்களுக்குத் தெரியாமலா? ரோலண்டின் வி-டிரம்ஸ் 1997-லேயே டி.டி.10 பெட்டியோடு வந்துவிட்டது. யோசிக்கக் கால் நூற்றாண்டுக்கு மேல் அவகாசம் இருந்திருக்கிறது. கிட் வாங்கியவன் அடுத்த சிம்பலுக்கும் நம்மிடமே வர வேண்டும் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றினால் எழுதுங்கள்.

சமீபத்திய வைத்தியம் டிஜிட்டல். 2016-ல் டி.டி.50 பெட்டியோடு ரோலண்ட் சி.ஒய்.18டி.ஆர் என்ற 18 அங்குல ரைடைக் கொண்டுவந்தது. எங்கே அடித்தீர்கள், கையை வைத்தீர்களா என்பதையெல்லாம் கண்டுபிடிக்கப் பல சென்சார்கள். பரப்பில் உள்ளங்கையை வைத்தால் சத்தம் அடங்குகிறது. ஒரே ஒரு யு.எஸ்.பி. வயர், கட்சிச் சண்டை கிடையாது. உண்மையிலேயே பிரமாதமான சாமான். ஆனால் யு.எஸ்.பி. ஆயிற்றே என்று வேறு கம்பெனிப் பெட்டியில் செருகினால் ஒரு வார்த்தை பேசாது. முன்பு பாதியாவது புரிந்தது, இப்போது பூஜ்யம். பூட்டை இன்னும் அழகாகச் செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சரி, என்னதான் வாங்குவது? என் அபிப்பிராயம் இது. க்ராஷ் சிம்பலில் பயப்பட வேண்டாம். பரப்பு, விளிம்பு, சோக் என்ற இரண்டு ஸோன் விஷயத்தில், ஒரு பியெஸோவும் ஒரு ஸ்விட்சும் உள்ள தட்டு பெரும்பாலான நல்ல பெட்டிகளில் நடந்துவிடும். காசை மிச்சப்படுத்த வேண்டுமானால் இங்கே மிச்சப்படுத்துங்கள். ரைடில் பெல் வேண்டுமென்றால் பெட்டிக்காரன் கம்பெனியிலேயே வாங்குங்கள், செகண்ட் ஹாண்டாக இருந்தாலும் சரி. வேற்றுக் கம்பெனியின் பளபளக்கும் புதுசைவிட சொந்தக் கம்பெனியின் கீறல் விழுந்த பழசு மேல். ஹை-ஹாட்டில் பரிசோதனையே வேண்டாம். கால் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதை அது மின்தடையாகவோ வேறு விதமாகவோ படிப்படியாகச் சொல்கிறது. அந்த அளவுகள் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. தப்பான ஜோடி அமைந்தால் பாதி திறந்த ஹை-ஹாட் என்ற சமாசாரமே இருக்காது. ஒன்று முழுக்க மூடியிருக்கும், அல்லது முழுக்கத் திறந்திருக்கும். பல கம்பெனித் தட்டுகளை ஏற்கெனவே வாங்கிக் குவித்துவிட்டவர்களுக்கு 'ஈட்ரமின்' மாதிரி இடைத்தரகர் பெட்டிகள் உண்டு. எல்லாக் கட்சிப் பேச்சையும் கேட்டு மிடியாக மொழிபெயர்த்துக் கொடுக்கும். ஆனால் சத்தத்துக்குக் கம்ப்யூட்டரோ வேறு மாட்யூலோ வேண்டும். ரிசப்ஷன் மேடையில் மாப்பிள்ளை வீட்டார் நடுவே கம்ப்யூட்டர் தொங்கிப்போனால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எதை வாங்கினாலும் கடையில் உங்கள் பெட்டியிலேயே செருகி அடித்துப் பாருங்கள். பரப்பில் நகத்தால் தட்டுவது போல மெதுவாக ஆரம்பித்து ஏற்றிக்கொண்டே போங்கள். சத்தம் படிப்படியாக ஏற வேண்டும், திடீரென்று குதிக்கக் கூடாது. விளிம்பில் குச்சியின் உடம்பால் அடித்து உடனே பிடியுங்கள். ஒரே இடத்தில் வேகமாக உருட்டி, அடிகளை எண்ணுங்கள். விளிம்பு முழுவதும் ஒரு சுற்று அடித்துப் பார்ப்பதும் நல்லது. பல சிம்பல்களில் ஸ்விட்ச் பட்டை வாசிப்பவர் பக்கம் மட்டுமே ஓடுகிறது. அதனால்தான் தட்டு சுழலாமல் இருக்க ஸ்டாண்டில் ஒரு தடுப்பு கொடுக்கிறார்கள். அதைத் தேவையில்லாத பிளாஸ்டிக் என்று தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். பிறகு மேலே உள்ள நட்டை அழுத்தித் திருகாதீர்கள், தட்டு ஆட வேண்டும்.

பையன் விஷயம்? கடையில் திருப்பி எடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்தோம். சிம்பலின் இரண்டாவது ஜாக்கை, காலியாக இருந்த இரண்டாவது க்ராஷ் வாசலில் செருகினோம். அந்த வாசலின் பரப்புச் சத்தத்தை ஊமையாக்கி, விளிம்புச் சத்தத்துக்குப் பதில் ரைடு பெல்லை வைத்தோம். வந்தது! கூடவே முதல் வாசல் வழியாகப் பரப்புச் சத்தமும் லேசாக ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரே பியெஸோவை இரண்டு வாசல்கள் பங்கு போட்டதில் பலமும் கொஞ்சம் இளைத்தது, சென்சிடிவிட்டியை ஏற்றிச் சமாளித்தோம். இனி அவனுக்கு இரண்டாவது க்ராஷ் கிடையாது. பெல்லுக்கு அவன் கொடுத்த விலையில் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

போன சனிக்கிழமை ஹை-ஹாட் வாங்கக் கிளம்பினான், முதுகில் ஸ்கூல் பையில் மாட்யூலோடு. இந்தத் தடவை வேறு கடை. பையைத் திறந்து பெட்டியை மேஜை மேல் வைத்ததும் கடைக்காரர் கேட்டாராம்: "என்ன தம்பி, விக்க வந்தீங்களா?"