கடைமடைக்கு யார் பேசுவார்? ‘தி கொயட் இயர்’ பற்றி

‘தி கொயட் இயர்’ கனடாவைச் சேர்ந்த ஏவரி ஆல்டர் 2013-ல் வெளியிட்ட கதை விளையாட்டு. ஒரு வெள்ளைத் தாள், பென்சில், ஒரு சீட்டுக்கட்டு, கொஞ்சம் பகடை, இருபது காய். அவ்வளவுதான் சாமான். நாலு பேர் வரை உட்காரலாம். பெரிய சண்டை ஒன்று ஓய்ந்து, ஒரு ஊருக்கு ஒரு வருஷம் அமைதி கிடைத்திருக்கிறது. 52 சீட்டு, 52 வாரம். வாரம் ஒரு சீட்டை எடுத்து அதற்கான கேள்விக்குப் பதில் சொல்லி, ஊரைத் தாளில் வரைந்துகொண்டே போகணும். இஸ்பேட் ராஜா வந்தால் ஆட்டம் க்ளோஸ். ஜெயித்தவர், தோற்றவர் கிடையாது.

கதை விளையாட்டு என்றதும் பலருக்கு 1974-ல் வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’தான் ஞாபகம் வரும். புதுசாக வருகிறவர்களிடம் அதை நீட்டினால் தடித்த விதிப்புத்தகத்தைப் பார்த்தே பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். நம்மூர் ஆட்டங்களை எடுத்துக்கொண்டால் வேறு சிக்கல். ஆடுபுலியில் 3 புலி, 15 ஆடு. ஒவ்வொரு நகர்த்தலும் நம் முடிவு, ஆனால் கதை இல்லை. பரமபதத்தில் கதை உண்டு, முடிவெடுக்க நமக்கு ஒன்றும் இல்லை. விழுந்த எண்ணுக்கு ஏறணும், இறங்கணும். இரண்டும் சேர்ந்த, அரை மணியில் சொல்லிக்கொடுக்கக்கூடிய ஆட்டம் என்பதால்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவுக்கு இதை எடுத்துப் போனேன்.

மதுரைக்கு ஏற்றபடி மாற்ற அதிகம் மெனக்கெடவில்லை. மூலத்தில் நாலு சீட்டு வகைக்கும் நாலு பருவம். குளிர்காலத்தில் ஏதோ ஒரு வாரம் ‘பனி இடையர்கள்’ வருவார்கள், அதோடு முடிவு. நமக்குப் பனியைச் சொன்னால் பயம் வராது. ஹார்ட்டினைத் தையில் தொடங்கினால், இஸ்பேட் வகை ஐப்பசி முதல் மார்கழி வரை தானாகப் பொருந்துகிறது. ராஜா வரும் வாரம் மழை பொய்க்கலாம், கண்மாய் உடையலாம். ஊரின் நடுவில் கண்மாய், மடை, கலிங்கு, தண்ணீர் பங்கிடும் நீர்க்கட்டி. யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இந்த ஆட்டத்தின் மூளை இரண்டு விதிகளில் இருக்கிறது.

முதலாவது, கூட்டம் போடுவது. உங்கள் முறை வரும்போது மூன்றில் ஒன்றுதான் செய்யலாம்: ஊரில் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கலாம், ஒரு வேலையை ஆரம்பிக்கலாம், அல்லது கூட்டம் போடலாம். கூட்டத்தில் ஆளுக்கு ஒரே ஒரு கருத்து. பதிலுக்குப் பதில் கிடையாது. முடிவும் எடுக்கக்கூடாது! பேசி முடித்தால் உங்கள் வாரம் போச்சு. முதலில் எல்லோருக்கும் எரிச்சல் வரும். ரெண்டு தடவை ஆடினால், நம் ஊர்க்கூட்டங்கள் பாதிக்கு மேல் இப்படித்தானே முடிகிறது என்று புரியும்.

இரண்டாவது, ‘கன்டெம்ப்ட்’ காய். உங்களைக் கேட்காமல் ஒருவர் ஒரு காரியம் செய்துவிட்டார் என்று தோன்றினால், வாயைத் திறக்காமல் ஒரு காயை எடுத்து உங்கள் முன்னால் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மதிப்பெண் இல்லை, எதையும் தடுக்கவும் செய்யாது. சாஃப்ட்வேர் பாஷையில் சொன்னால் லாக் ஃபைல் மாதிரி. சிஸ்டத்தை மாற்றாது; எங்கே உரசுகிறது என்று எல்லோருக்கும் காட்டும்.

அகராதிப்படி அந்தச் சொல்லுக்கு இளக்காரம், அவமதிப்பு என்று வரும். நாங்கள் வைத்த பெயர் ‘மனத்தாங்கல்’. பெயர் மாறியதும் ஆட்டமும் கொஞ்சம் மாறியது. மனத்தாங்கல் என்பது பங்காளிக்குள், சம்பந்திக்குள் வருவது. நம்மை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்கிற வருத்தம். அதனால் எங்கள் ஆட்கள் சட்டென்று காயை எடுத்தார்கள், பிடித்த காரியம் நடந்ததும் சட்டென்று திருப்பியும் வைத்தார்கள். தமிழில் இந்த விதி மூலத்தைவிட நன்றாக வேலை செய்கிறது என்பேன்.

ஆனால் என் விமர்சனமும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. தன்னைக் கேட்கவில்லையே என்று வருத்தப்பட, கேட்கப்பட வேண்டியவன் என்ற இடம் முதலில் இருக்கணும். இந்த ஆட்டத்தில் யாரும் ஒரு தனி மனிதராக ஆடுவதில்லை. ஊருக்குள் ஓடும் ஒரு கருத்தோட்டமாகத்தான் பேசுகிறோம். மேஜையைச் சுற்றி நாலு பேருக்கும் சம குரல் என்பதால், தாளில் இருக்கும் ஊருக்கும் சம குரல் இருப்பதாக ஆட்டம் எடுத்துக்கொள்கிறது.

மூன்று தடவை ஆடினோம், மூன்று ஊர் வரைந்தோம். எல்லாவற்றிலும் கண்மாய், கோயில், டீக்கடை, பள்ளிக்கூடம் இருந்தன. ஒன்றில்கூட காலனி இல்லை. மதுரை மாவட்டத்தில் உட்கார்ந்து வரைந்த ஊர்கள் இவை. உத்தப்புரத்தில் 1989-ல் எழுந்த சுவரில் ஒரு பகுதியை இடித்துப் பாதை விட 2008 மே மாதம் ஆனது. பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் 1996-க்குப் பிறகு பத்து வருஷம், தலித்துகளுக்கு ஒதுக்கிய தலைவர் பதவியில் ஒருவர் நிலைத்து உட்கார முடியவில்லை. மேலவளவில் 1997-ல் தலைவர் முருகேசனைக் கொன்றே போட்டார்கள். வெறும் தாள் நடுநிலையானது என்று நினைக்கிறோம். அது நம் பழக்கத்தை அப்படியே திருப்பித் தருகிறது.

இதைச் சொன்னபோது குழுவில் ஒரு தம்பி கேட்டான்: “ஞாயித்துக்கிழமை விளையாட வந்த எடத்துல இது எதுக்குண்ணே?” நியாயமான கேள்வி. சாதியைப் பொழுதுபோக்காக நடித்துக் காட்டுவதில் எனக்கும் சம்மதமில்லை. அடிபட்டவர் மேஜையில் இருந்தால் அது விளையாட்டே இல்லை. ஆனால் இது ஒரு சமூகத்தைக் கட்டுகிற ஆட்டம். யாரை ‘நாம்’ என்று எண்ணுகிறோம் என்பதை முதல் அஞ்சு நிமிஷத்திலேயே முடிவு செய்துவிடுகிறது. அந்த முடிவைக் கேள்வியாகவாவது கேட்கணும்.

அதனால் தொடக்கத்தில் ஒரே ஒரு கேள்வி சேர்த்தோம்: “இந்த ஊரில் கடைசியாகத் தண்ணீர் போகும் கடைமடை எது? அங்கே இருப்பது யார்?” ‘யார்’ என்பதற்குப் பதில் மேஜையின் விருப்பம். குத்தகைக்காரர், பிழைக்க வந்த குடும்பம், காலனி, எதுவும் ஆகலாம். கூடவே ஒரு சின்ன விதி: அந்த மூலையைக் கேட்காமல் நடந்த காரியத்துக்கு யார் வேண்டுமானாலும் மனத்தாங்கல் காயைத் தாளிலேயே அங்கே வைக்கலாம். அந்தக் காயை மட்டும் திரும்ப எடுக்க முடியாது.

அடுத்த ஆட்டத்தில் மடையைப் பழுது பார்த்தோம், கோயிலுக்குச் சுற்றுச்சுவர் கட்டினோம், புதுக் கிணறு வெட்டினோம். இஸ்பேட் ராஜா வந்தபோது எங்கள் நாலு பேர் முன்னால் சேர்த்து இரண்டு காய். கடைமடையில் ஒன்பது. அன்றைக்கு ஒரு வாரத்தைக்கூட யாரும் கூட்டம் போடச் செலவழிக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தோம். கேள்வி கேட்ட தம்பிதான் அந்த ஒன்பதையும் எண்ணினான்.

வாங்க வேண்டிய ஆட்டமா என்றால், ஆமாம், தாராளமாக. முதன்முதலாகக் கதை விளையாட்டு ஆடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரிந்து இல்லை. நம் பக்கம் ஆடுவதாக இருந்தால் கண்மாயை வரையுங்கள், மடையை வரையுங்கள், தண்ணீர் போய்ச் சேரும் கடைசி வயல் வரைக்கும் பென்சிலை எடுக்காமல் போங்கள். பிறகு முதல் சீட்டைத் திருப்பலாம்.