கேமிங் கணினியும் கன்சோலும்: ஓர் ஒப்பீடு

வீட்டில் வீடியோ விளையாட்டுக்கென ஒரு கருவி வாங்க நினைப்பவர்முன் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, திறன்மிக்க வரைகலை அட்டை பொருத்திய கேமிங் கணினி. மற்றொன்று, தொலைக்காட்சியுடன் இணைத்து விளையாடும் கன்சோல். சோனியின் பிளேஸ்டேஷன், மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ், நிண்டெண்டோவின் ஸ்விட்ச் ஆகியவை பரவலாக அறியப்பட்ட கன்சோல்கள். இவற்றை ஒப்பிடுவோர் பெரும்பாலும் விலையையும் படத்தின் துல்லியத்தையும் மட்டுமே பார்க்கின்றனர். வாங்கிய பிறகு அக்கருவி யாருடைய விதிப்படி இயங்கும் என்பது அவற்றைவிட முக்கியமான கேள்வி.

விலை

பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் 2021 பிப்ரவரி 2 அன்று வெளியானது. வட்டு இயக்கி உள்ள வகை ரூ. 49,990, இல்லாத வகை ரூ. 39,990 என்று விற்கப்பட்டது. அதன் உள்ளே இருப்பவையும் கணினியின் உறுப்புகளே. ஏஎம்டி நிறுவனத்தின் செயலியும் வரைகலைத் தொழில்நுட்பமும்தான் அதை இயக்குகின்றன. ஆனால் அதே திறனுள்ள கணினியை அந்த விலைக்குள் சேர்ப்பது கடினம். கன்சோல் நிறுவனங்கள் கருவியில் பெரிய லாபம் பார்ப்பதில்லை. விளையாட்டு விற்பனையில் கிடைக்கும் பங்கிலும் சந்தாவிலும் ஈடுகட்டிக்கொள்கின்றன.

காசு கொடுத்து வாங்கிய விளையாட்டையே இணையவழி பிறருடன் விளையாட, பிளேஸ்டேஷனில் பெரும்பாலும் தனிச் சந்தா வேண்டும். கணினியில் பொதுவாக இச்செலவு இல்லை. மறுபுறம், கன்சோலுக்கு வட்டில் வாங்கியதை விளையாடி முடித்து விற்றுவிடலாம். கணினியில் ஸ்டீம் வழியாக வாங்கியதை விற்க இயலாது. ஆகவே விலையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

பிரான்சிலிருந்து வரும் கருவி

புதுச்சேரியில் பிரான்சில் உறவினர் உள்ள குடும்பங்கள் பல. விடுமுறைக்கு வருபவரிடம் கருவியை வாங்கிவரச் சொல்லுமுன் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். பிளேஸ்டேஷன் 5 நம் மின்னழுத்தத்தில் இயங்கும்; செருகியை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் உத்தரவாதம் பொதுவாக வாங்கிய நாட்டுக்குரியது. பிரெஞ்சு வட்டுக்கான கூடுதல் பகுதிகளை இந்தியக் கணக்கில் வாங்கினால் அவை அந்த வட்டுடன் சேராமல் போகலாம்.

மடிக்கணினியில் சிக்கல் வேறு. பிரெஞ்சு விசைப்பலகையில் எழுத்துகளின் வரிசை மாறியிருக்கும். நகர்வதற்கு நாம் பயன்படுத்தும் டபிள்யூ, ஏ, எஸ், டி விசைகளின் இடத்தில் இசட், க்யூ, எஸ், டி இருக்கும். எனினும் பல விளையாட்டுகளில் விசைகளை நாமே மாற்றிக்கொள்ளலாம். கன்சோலின் கணக்கு விதியை அப்படி மாற்ற முடியாது. இரு கருவிகளுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இந்தச் சிறு செய்தியிலேயே தெரிகிறது.

இரண்டு விளையாட்டுகள்

புனேயில் உருவான 'ராஜி' இந்தியப் புராண மரபில் அமைந்த விளையாட்டு. 2020 ஆகஸ்டு 18 அன்று அது முதலில் ஸ்விட்ச் கன்சோலில் மட்டும் வெளியானது. ஸ்விட்ச்சை நிண்டெண்டோ அப்போது இந்தியாவில் நேரடியாக விற்கவில்லை. கணினியிலும் பிற கன்சோல்களிலும் அக்டோபரில்தான் வந்தது. இந்தியர் உருவாக்கியதை இந்தியர் பலர் இரண்டு மாதம் காத்திருந்தே விளையாட முடிந்தது. எந்தக் கருவியில் எது எப்போது வரும் என்பது நிறுவனங்களின் ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

டொராண்டோவின் விசை கேம்ஸ் உருவாக்கிய 'வெண்பா' 2023 ஜூலை 31 அன்று கணினியிலும் கன்சோல்களிலும் ஒரே நாளில் வந்தது. கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை அது. அம்மாவின் சிதைந்த சமையல் குறிப்பேட்டைக் கொண்டு, விடுபட்ட செய்முறையை விளையாடுபவர் கண்டறிய வேண்டும். 2024இல் அதற்கு பாஃப்டாவின் சிறந்த அறிமுக விளையாட்டு விருது கிடைத்தது. இதை விளையாட விலையுயர்ந்த வரைகலை அட்டை தேவையில்லை. நல்ல விளையாட்டுக்கு எப்போதும் பெரும் திறன் வேண்டும் என்ற எண்ணத்தை 'வெண்பா' மறுக்கிறது.

இத்தகைய ஒன்றை உருவாக்க விரும்பும் மாணவருக்குக் கணினியே வாசல். கோடோ போன்ற உருவாக்கக் கருவிகள் இலவசம். ஸ்டீமில் ஒரு விளையாட்டை வெளியிட 100 டாலர் கட்டணம். கன்சோலில் வெளியிடவோ அந்நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும்.

மதிப்பீடு

கணினிக்கும் குறைகள் உண்டு. அமைப்புகளைச் சரிசெய்வதிலேயே மாலைப்பொழுது போய்விடலாம். சில பெரிய விளையாட்டுகள் கணினியில் பிழைகளுடன் வெளியாகின்றன. கன்சோலை இயக்கினால் விளையாட்டு உடனே தொடங்கும். கூடத்தில் வீட்டார் சேர்ந்தும் விளையாடலாம். படிப்புக்கு ஒரு கணினி ஏற்கெனவே உள்ள வீட்டில் கன்சோல் வாங்குவது சரியான முடிவே.

ஒரு கருவிக்கு மட்டுமே பணம் இருக்கும் வீட்டின் நிலை வேறு. அங்கே எளிய மேசைக்கணினியை வாங்கி, வரைகலை அட்டையைப் பின்னர் சேர்ப்பது நல்லது. படிக்க, எழுத, விளையாட, விளையாட்டை உருவாக்க அது ஒன்றே போதும். கன்சோல் விளையாடுபவரை மட்டுமே எதிர்பார்க்கிறது. கணினி, அவர் நாளை உருவாக்குபவராகவும் ஆகலாம் என்பதற்கு இடம் வைக்கிறது.